ராட்டினத்து வெளிச்சம், பேய் வீட்டு இருட்டு: கேள்வி பதில்

சித்திரைப் பொருட்காட்சிக்குப் போய்வந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டித் தொழில் பழகியவன் நான். பிறகு ராட்டினங்களுக்கும் பேய் வீடுகளுக்கும் லைட் போட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செல்லூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ராட்சத ராட்டினம் ராத்திரி முழுக்கச் சுத்துது. அதுல எரியிற லைட்டுக்குப் போற வயர் ஏன் முறுக்கிக்கிறதில்ல?

வயர் தொடர்ந்து போனால்தானே முறுக்கும், தம்பி. அச்சில் செம்பு வளையங்கள் மாட்டியிருக்கும். அவை சக்கரத்தோடு சுற்றும். அசையாமல் நிற்கிற சட்டத்தில் ஒரு கார்பன் கட்டை, ஸ்பிரிங் அழுத்தத்தில் அந்த வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல் வழியாகத்தான் கரண்ட் மேலே ஏறுகிறது. ஸ்லிப் ரிங் என்போம். அடுத்த முறை நின்று கவனித்துப் பார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் லைட் கண்ணடித்தால் வளையம் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. கண்டபடி கண்ணடித்தால் கார்பன் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

இப்போது வருகிற பிக்சல் லைட்டுக்குக் கரண்ட் மட்டும் போதாது. எந்தப் புள்ளி எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற தகவலும் போய்ச்சேர வேண்டும். உரசலில் கரண்ட் இமைப்பொழுது விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. தகவல் விட்டுப்போனால் டிசைனே கலைந்துவிடும். அதனால் அந்தத் தகவலை அனுப்புகிற கன்ட்ரோலரைத் தூக்கிச் சக்கரத்தின் நடுவிலேயே வைத்துவிடுவோம். பழைய சீரியல் போர்டில் மர உருளைமேல் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். மோட்டார் அதைச் சுற்றச் சுற்ற, பல்புகள் மாறி மாறி எரிந்து மயில் தோகை விரிக்கும். அந்த உருளை செய்த வேலையை இன்று நகத்தளவு சிப் செய்கிறது. தகட்டைக் கணக்குப் பார்த்து வெட்டிய அந்தப் பெரியவர்களின் கைவேலை அபாரமானது.

மேலூரிலிருந்து ஒரு அக்கா: பேய் வீட்டில் ஒரு பெண் உருவம் அந்தரத்தில் வந்து நின்று, அப்படியே கரைந்துபோனது. பின்னால் இருந்த நாற்காலிகூட அவள் உடம்பு வழியாகத் தெரிந்தது. புரொஜெக்டரா?

கண்ணாடி, அக்கா. ராத்திரி தேனி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடிவிட்டு உட்கார்ந்தால், உள்ளே எரிகிற விளக்கில் உங்கள் முகம் வெளியே புளியமரங்களோடு சேர்ந்து மிதந்து வருமே, அதே சங்கதிதான். உங்களுக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவில் பெரிய கண்ணாடியை 45 டிகிரி திருப்பி நிறுத்தியிருப்பார்கள். பக்கத்தில், உங்கள் பார்வை எட்டாத கறுப்பு அறையில் அந்த உருவம் இருக்கும். அதன்மேல் வெளிச்சம் ஏறினால் பேய் வரும், இறங்கினால் போகும். ஹென்றி டிர்க்ஸ் யோசித்த இந்த முறையை எளிதாக்கி 1862இல் லண்டனில் மேடையேற்றியவர் ஜான் ஹென்றி பெப்பர். அதனால் இதற்குப் பெயரே பெப்பர் பேய். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த ஹான்டட் மேன்ஷனிலும் நடன மண்டபத்துப் பேய்கள் இப்படித்தான் ஆடுகின்றன.

நம் ஊரில் இதைக் கெடுப்பது தூசி. கண்ணாடியில் தூசி படிந்தால் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தினமும் சாயங்காலம் துடைத்து முடித்த பிறகுதான் டிக்கெட் கொடுக்கவே விடுவேன். தயவுசெய்து உள்ளே செல்போன் டார்ச் அடிக்காதீர்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு டார்ச் வெளிச்சம் போதும், உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் அதைக் கெடுத்துவிடும்.

ஒத்தக்கடையிலிருந்து: உள்ளே என் வெள்ளை வேட்டி மட்டும் நீலமாக மின்னியதே?

சோப்புத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் துணியில் தங்கியிருக்கும். புற ஊதா வெளிச்சத்தை அது நீலமாக மாற்றித் திருப்பிவிடும். அங்கே சுவரில் மின்னிய மண்டை ஓட்டுப் பெயின்ட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: என் மகனுக்கு வலிப்பு வந்ததுண்டு. பளிச் பளிச்சென்று வெட்டுகிற லைட் உள்ள இடத்துக்கு அழைத்துப் போகலாமா?

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம் அம்மா. வலிப்பு உள்ள எல்லோருக்கும் வெளிச்சத்தால் தொந்தரவு வருவதில்லை. யாருக்கு வரும் என்று அவர்தான் சோதித்துச் சொல்ல முடியும். நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டுகிற வெளிச்சம் ஆபத்தானது. எதிர்பாராமல் அப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு திரும்பிவிடச் சொல்லுங்கள். கண்ணை மூடினால் மட்டும் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். வாசலிலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கை எழுதி வைக்காத ராட்டினக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, கல்லூரி விழாவுக்கு வகுப்பறையில் பேய் வீடு போடுகிறோம். தரையோடு தவழ்கிற புகைக்கு டிரை ஐஸ் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம், தம்பி. அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே இருக்கும். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். அதைவிட மோசம், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆரம்ப காலத்தில் ஒரு பொருட்காட்சியில், மூடிய தகரக் கொட்டகைக்குள் டப்பில் வெந்நீர் வைத்து நாங்களே அதைப் போட்டோம். குழிக்குள் படுத்திருந்து எழுந்து பயமுறுத்த வேண்டிய பையன் எழுந்திருக்கவில்லை. வெளியே இழுத்துப் போட்டு, அவன் கண் திறக்கும்வரை எங்களுக்கு உயிரே இல்லை. அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை. புகை மெஷின் வாடகைக்கு எடு. தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்த திரவத்தைச் சூடாக்கி அது புகை விடும். அந்தப் புகையை ஐஸ் கட்டி நிரப்பிய பெட்டி வழியாக விட்டால் குளிர்ந்து தரையோடு தவழும். அப்போதும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். 1984 மே மாதம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய்க்கோட்டை எரிந்து, இளவயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் இறந்தார்கள். சுவரில் பஞ்சு ஃபோம் ஒட்டியிருந்தார்கள். தீயை அணைக்கத் தண்ணீர் தெளிப்பான் இல்லை. ஆகவே ஃபோம், தெர்மாகோல் கூடாது. கறுப்புத் துணியைச் சூடான லைட்டின் பக்கத்திலேயே கொண்டுபோகாதே. வெளியே போகிற வழியின் பச்சை விளக்கை, பயம் போய்விடும் என்று மறைக்காதே. ஒரே சுவிட்சில் எல்லா டியூப் லைட்டும் எரியும்படி வைத்து, அந்த சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்து.

திருமங்கலத்திலிருந்து ஒரு லைட் செட் கடைக்காரர்: 5 வோல்ட் பிக்சல் ஸ்ட்ரிப் பத்து மீட்டர் சேர்த்தேன். வெள்ளை போட்டால் கடைசியில் செம்மஞ்சளாகிறது. ஸ்ட்ரிப் மட்டமா?

ஸ்ட்ரிப்பில் குறை இல்லை. போகப்போக வோல்டேஜ் இறங்குகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், அவை முதலில் மங்கும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். மீட்டருக்கு 60 பிக்சல் உள்ள ஸ்ட்ரிப் முழு வெள்ளையில் மீட்டருக்கு 3.6 ஆம்பியர் வரை இழுக்கும். பத்து மீட்டருக்கு 36. ஒரு முனையிலிருந்து மட்டும் கொடுத்தால் எப்படித் தாங்கும்? இரண்டு முனையிலும் நடுவிலும் தடித்த வயரில் தனித்தனியாகக் கரண்ட் கொடுங்கள், ஒவ்வொரு வயருக்கும் ஒரு ஃபியூஸ் போடுங்கள். பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்தும் பாருங்கள். ராத்திரியில் அதுவே தாராளம்.