பிரதி செம்மையாளரின் வேலை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருக்கும்போது செம்மையாளர் எதற்கு?

பதில்: இரண்டும் வெவ்வேறு கட்டத்தில் நடக்கும் வெவ்வேறு வேலைகள். பக்க வடிவமைப்புக்கு முன்பே செம்மையாளர் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு, வாக்கியம் ஆசிரியர் நினைத்த பொருளைத் தருகிறதா, முதல் இயலில் சொன்னது ஐந்தாம் இயலோடு முரண்படுகிறதா, ஒரே பெயர் எல்லா இடங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வருகிறதா என்று பார்க்கிறார். மெய்ப்புத் திருத்துபவர் பார்ப்பது வடிவமைத்த பக்கங்களில் எஞ்சியிருக்கும் பிழைகளை. அந்தக் கட்டத்தில் ஒரு பத்தியை மாற்றினாலே பக்கங்கள் நகர்ந்து, நூலின் இறுதியில் சொற்களுக்குப் பக்க எண் தரும் சொல்லடைவு முழுவதும் தவறாகிவிடக்கூடும் என்பதால், செம்மையாக்கத்தை மெய்ப்பு வரை தள்ளிப்போடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

கேள்வி: என் நாவலின் பேச்சுவழக்கை எல்லாம் இலக்கணத் தமிழாக மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அது பெரும் தவறு. நல்ல செம்மையாளர் முதலில் ஒரு நடைக்குறிப்பைத் தயாரித்து, எந்தப் பாத்திரம் எப்படிப் பேசுகிறது, எந்தச் சொல்லை எப்படி எழுத வேண்டும் என்பதையெல்லாம் அதில் பதிந்துகொண்டு, உங்கள் வழக்கிலிருந்து நீங்களே விலகும் இடங்களை மட்டுமே சுட்டுவார். ஐயம் எழுந்தால் தாமாக மாற்றாமல் ஓரத்தில் கேள்வியாக எழுதுவார்: “12ஆம் பக்கத்தில் இவளுடைய அண்ணன் இறந்துவிட்டதாக வருகிறது, இங்கே அவனிடமிருந்து கடிதம் வருகிறது. முன்பே எழுதிய கடிதமா?” விடை உங்களிடம்தான் இருக்கிறது. திருத்தம் பிடிக்காவிட்டால் ‘ஸ்டெட்’ என்று எழுதுங்கள். ‘அப்படியே இருக்கட்டும்’ என்னும் பொருளுடைய அந்த லத்தீன் சொல், ஆசிரியரின் உரிமையைக் காக்கவே இத்தொழிலில் நிலைத்திருக்கிறது.

கேள்வி: எழுத்துப்பிழையைக் கணினியே திருத்திவிடுகிறதே?

பதில்: எழுத்துப்பிழையைத் திருத்தும், ஆனால் சரியான எழுத்துகளில் அமைந்த தவறான பொருளை அதனிடம் நம்பி விட முடியாது. ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை. 1631இல் லண்டனில் அச்சான பைபிள் ஒன்றில் எதிர்மறைச் சொல் ஒன்று விடுபட்டதால், விபசாரத்தை விலக்கும் கட்டளை அதை ஏவும் கட்டளையாகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வாக்கியத்தில் எஞ்சியிருந்த சொற்கள் ஒவ்வொன்றும் எழுத்துப்பிழை இல்லாதவை.

கேள்வி: என் நூலை நானே செம்மையாக்கிக்கொள்ளலாமா?

பதில்: முதல் சுற்றுக்குச் செய்யுங்கள், சில வாரங்கள் கழித்து, தாளில் அச்செடுத்து. ஆயினும் எழுதியவரின் கண் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதையே படிக்கும் என்பதால், இன்னொருவரும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: தகவல் பிழைகளுக்கும் செம்மையாளர்தான் பொறுப்பா?

பதில்: பொறுப்பு ஆசிரியருடையது. ஆனாலும் 1950இல் பிறந்தவர் 1962இல் தம் பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டதாக எழுதியிருந்தால், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கடந்துபோன செம்மையாளரை நான் மன்னிக்க மாட்டேன்.