வலிக்காத இடம்தான் வம்பு

கேள்வி: எனக்கு 54 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறோம். 6 ஆண்டுகளாகக் காலையும் இரவும் பேனாவில் இன்சுலின் போடுகிறேன். தொப்புளுக்கு இடப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் வலிக்காது என்பதால் அங்கேயே குத்திப் பழகிவிட்டேன். இப்போது அங்கே எலுமிச்சை அளவுக்குத் தடிப்பு. வேறு இடத்தில் போட்டால் உயிர் போகிறது. சர்க்கரையும் ஒரு நாள் 90, மறுநாள் 280. டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஏற்காட்டில் மகள் வீட்டுக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நீங்கள் நம்பியிருக்கும் அந்த வலிக்காத இடம்தான் வம்பு செய்கிறது. ஒரே இடத்தில் இன்சுலின் இறங்கிக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே உணர்ச்சி மந்தம், அதனால்தான் வலியில்லை. ஆனால் அந்த மேட்டுக்குள் போகும் மருந்து ஒரு நாள் தேங்கி நிற்கும், ஒரு நாள் சட்டென்று ரத்தத்தில் கலக்கும். 90க்கும் 280க்கும் நடுவே நீங்கள் அல்லாடுவதற்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். பாவம், சோற்றையே எத்தனை நாள் திட்டினீர்களோ!

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். டாக்டர் கூட்டிய அளவு, ஒருவேளை அந்தத் தடிப்புக்காகக் கூடிய அளவு. அதையே நாளைக்கு நல்ல தோலில் போட்டால் முழு மருந்தும் வேலை செய்து சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். ஆகவே இடம் மாற்றும் முன்பு டாக்டரிடம் வயிற்றைக் காட்டுங்கள். சீட்டை மட்டும் நீட்டிவிட்டு வருவது நம் வழக்கம். நானும் 3 ஆண்டுகள் அப்படித்தான் வந்தேன், என் டாக்டரும் கேட்கவில்லை. எவ்வளவு குறைப்பது என்று உங்கள் டாக்டரே சொல்லட்டும். மாற்றிய முதல் சில வாரங்கள் அடிக்கடி சோதித்துப் பாருங்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பா இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் 3 தேக்கரண்டி கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

அந்தத் தடிப்பைத் தொடாமல் விடுங்கள். எண்ணெய் தேய்த்தால் கரையாது. மாதக் கணக்கில் ஓய்வு கொடுத்தால் மெல்ல அமுங்கும்.

புது இடம் ஏன் வலிக்கிறது? ஊசியை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. காசு மிச்சம் என்று ஒரு வாரம் ஓட்டுபவர்கள் நம் ஊரில் ஏராளம். ஊசி ஒரு தடவைக்குத்தான். அதன் பிறகு முனை மழுங்கும், தோலைக் கிழிக்கும். ஊசி 4 மில்லிமீட்டர் நீளம் போதும், குண்டான உடம்புக்கும் அதுவே. நேராகக் குத்தி, பேனாவின் பொத்தானை அழுத்தி, மனத்துக்குள் 10 எண்ணிவிட்டு எடுங்கள். ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு (குளிரோடு என்று சொல்ல வேண்டுமோ!) போட்டாலும் சுருக்கென்று வலிக்கும். அரை மணி நேரம் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

இடம் மாற்றுவது நெசவாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்ட ஊடைக்குப் பக்கத்தில்தானே அடுத்த ஊடை? முந்தைய குத்திலிருந்து ஒரு விரல் தள்ளிக் குத்துங்கள். வயிற்றை நான்கு பாத்தியாக நினைத்து வாரம் ஒரு பாத்தி. தடிப்புள்ள பாத்திக்கு இப்போது விடுமுறை. தொப்புளை ஒட்டியும், நாடா இறுக்கும் இடத்திலும் வேண்டாம். தறி நாடாவைச் சொல்லவில்லை, பாவாடை நாடாவை! தொடையின் வெளிப்பக்கமும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே சில மருந்துகள் மெதுவாக ஏறும் என்பதால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாறுங்கள். குத்திய இடம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தால் காத்திருக்காமல் ஓடுங்கள்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். பயன்படுத்தும் பேனா 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பொதுவாக 4 வாரம் தாங்கும்; உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அட்டையில் போட்டிருக்கும். மலையில் மகள் வீட்டு அலமாரியே போதும். சேலத்துச் சித்திரை வெயிலுக்குத்தான் ஃபிரிட்ஜோ, ஈரமணல் மேல் வைத்த மண்பானையோ வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது பையை எஞ்சின் பக்கம் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.