மதுரையிலிருந்து கொழும்பு போகிறோம், அங்கே பௌத்த விகாரைகளுக்குப் போனால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ப் பழகியவருக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவது, அரச மரத்தை வலம் வருவது, எல்லாம் அதே மாதிரிதான். சிக்கல் வருவது வேறு இடங்களில்.

பெரிய தவறு செல்ஃபி. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது அங்கே அவமதிப்பு. சிலையை மட்டும் எடுங்கள், அல்லது பக்கவாட்டில் சிலையைப் பார்த்தபடி நில்லுங்கள். கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்தால் முழுக்கை சட்டை கட்டாயம். 2014-இல் அதற்காகவே ஒரு பிரிட்டிஷ் பயணியை நாடு கடத்தினார்கள்.

உடை வெள்ளையாக இருந்தால் நல்லது. நம் வேட்டி, சட்டை கச்சிதம், ஆனால் சட்டையைக் கழற்ற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிவிடுங்கள். உட்கார்ந்தால் சிலையை நோக்கிக் காலை நீட்டக் கூடாது. உச்சி வெயிலில் கல்தரை கொதிக்கும், காலை எட்டு மணிக்குள் போனால் பிழைத்தீர்கள்.

பூவை வாங்கி நீட்ட அர்ச்சகர் இருக்க மாட்டார். சரமாகத் தொடுத்ததும் அங்கே வழக்கமில்லை. தாமரை, அல்லி போன்றவற்றைக் காம்பு நீக்கி, இதழை விரித்துத் தட்டில் அடுக்கி, நீங்களே சிலை முன் இருக்கும் மேடையில் வைக்க வேண்டும். திருநீறு, குங்குமம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

நகருக்குள் பெய்ரா ஏரியின் மேல் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்னும் விகாரையும், பக்கத்திலேயே கங்காராமய விகாரையும் இருக்கின்றன. ஒரே நடையில் பார்த்துவிடலாம். கங்காராமய கோயில் பாதி, அருங்காட்சியகம் பாதி. பரிசாக வந்த பொருட்கள் நெருக்கியடித்துக் கிடக்கும்.

அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் களனி விகாரைக்குப் போங்கள். நெற்குவியல் வடிவ தாதுகோபமும் (தூபி), சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களும் அங்கேதான். இளவரசி ஹேமமாலா புத்தரின் பல்லைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கலிங்கத்திலிருந்து கொண்டு வந்த கதையை அந்த ஓவியங்களில் தேடிப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பௌர்ணமியான போயா நாளில் கூட்டம் நெரியும், அன்று பொது விடுமுறை, மதுக்கடையும் மூடியிருக்கும். கிளம்பும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

அதே வளாகத்தில் விபீஷணனுக்கும் ஒரு சன்னதி உண்டு. அங்கே மட்டும் நம் ஊர் முறை கொஞ்சம் எட்டிப் பார்க்கும்: பழத்தட்டைக் கொடுத்தால் கபுறாளை என்னும் பூசாரி வாங்கி வேண்டிக்கொள்வார்.