சிங்கப்பூரில் இயற்பியலாளராக வேலை செய்வது எப்படி இருக்கும்?

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் மகள் இயற்பியலாளர் ஆக விரும்புகிறாள், அந்த வேலையில் அன்றாடம் என்னதான் செய்வார்கள், பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கென்ட் ரிட்ஜ் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினொரு ஆண்டுகளாக ருபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களை லேசரால் குளிர்விக்கும் வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒளியால் பொருளைச் சுட வைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். குளிர்விக்கவும் முடியும். அறை வெப்பத்தில் நொடிக்கு 300 மீட்டர் அளவில் பாயும் ருபிடியம் அணுவை, எதிரே வரும் ஒளித்துகள்கள் சிறிது சிறிதாகத் தடுத்து, நொடிக்கு இருபது சென்டிமீட்டருக்கும் கீழே கொண்டுவந்துவிடும். அதற்கு 780 நானோமீட்டர் லேசரின் அதிர்வெண் ஏறக்குறைய ஆறு கோடியில் ஒரு பங்குகூடப் பிசகாமல் நிற்க வேண்டும். எங்கள் பிழைப்பே அந்தப் பிசகைத் துரத்துவதுதான்.

ஓர் உதாரணம். ஒரு வார இறுதியில் கூடத்தின் குளிர்சாதனம் நின்றுவிட்டது. லேசர் ஒளியை உண்டாக்கும் சிறு மின்னணுப் பாகமான டயோடை 15 டிகிரியில் வைத்திருந்தோம். நம் ஊர் வெளிக்காற்றின் ஈரமோ 24 டிகிரி அளவில் குளிர்ந்த பரப்பிலேயே பனித்துளியாகப் படியத் தொடங்கிவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் லேசர் எரிகிறது, ஆனால் அணுக்கள் சிக்கவில்லை. முதலில், லேசரோடு சேர்ந்து அணுக்களைப் பிடித்து வைக்கும் காந்தச் சுருள்களைச் சந்தேகித்தோம். பிறகு அணுக்கள் இருக்கும் வெற்றிடக் கலத்தில் கசிவா என்று ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் ஊதிப் பார்த்தோம். மூன்றாவது வாரத்தில்தான் டயோடின் முகத்தில் ஈரம் காய்ந்த மங்கல் தடம் கண்ணில் பட்டது. டயோடை மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தோம். அன்று இரவு பத்து மணிக்குக் கேமராத் திரையில் அணுக்களின் வெண்பொட்டு மீண்டும் தோன்றியபோது, உடனிருந்த மாணவி கண்கலங்கிவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

மூன்று வாரத் தேடலில் சலிப்பு வராதவர்களுக்கே இந்தத் தொழில் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். மதிப்பெண் இதைக் காட்டித் தராது.

கருவி நலமாக இருக்கும் நாள்களில் அளவீடு, கணக்கு, கட்டுரை எழுதுவது, மாணவர்களுக்குச் சொல்லித்தருவது. ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதும் கணிசமான நேரத்தைத் தின்னும்.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டத்துக்குப் பின் முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள். அதன்பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்கள், சில நேரம் வெளிநாட்டில். பேராசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு. என் ஒப்பந்தம் முடியும் ஆண்டுகளில் வீட்டில் எல்லோருக்கும் கவலைதான். ஆனால் என்னோடு படித்தவர்கள் யாரும் வேலையின்றி நிற்கவில்லை. சிலர் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் வட்டாரச் சில்லுத் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். ஒருவர் வங்கியில் இடர்க் கணிப்பு செய்கிறார். மருத்துவமனையில் இருக்கும் தோழி, புற்றுநோயாளிகளுக்கான கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கிறார். அதுவும் முழுமையான இயற்பியல் வேலையே.

சின்ன ஊரில் பெரிய ஆய்வுக்கு வழியுண்டா என்று மகள் கேட்டால், 2007இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குவாண்டம் தொழில்நுட்ப மையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கு உருவாகி 2019இல் விண்வெளிக்குச் சென்ற ஸ்பூக்கி-1 செயற்கைக்கோள் மூன்று கிலோகூட இல்லை. ஆனாலும் ஒன்றோடொன்று பிணைந்த ஒளித்துகள் இணைகளை அது விண்வெளியிலேயே உண்டாக்கிக் காட்டியது.

கணிதத்தோடு நிரல் எழுதவும் அவள் இப்போதே பழகட்டும். எங்கள் கூடத்தில் லேசர்களையும் கேமராக்களையும் இயக்குவது நாங்களே எழுதிய பைத்தான் நிரல்கள்தாம். விடுமுறையில் சில வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்து பார்க்க இடம் கேட்டு, பேராசிரியர்களுக்கு அவளே மின்னஞ்சல் எழுதட்டும்.