ஒரு ரூபாய் வெட்டு

கேள்வி: எம்.பி.ங்க பட்ஜெட்டை முழுசா படிச்சுதான் ஓட்டு போடுறாங்களா சார்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பிப்ரவரி 1 உரையைத்தான் நாம பாக்குறோம், அசல் வேலை அப்புறம்தாங்க. ஒவ்வொரு அமைச்சகத்தோட மானியக் கோரிக்கையும், அதாவது அந்த அமைச்சகம் செலவுக்குக் கேக்குற தொகையும், லோக்சபால ஓட்டுக்கு வரும், அந்தக் கொள்கையே தப்புன்னு நினைக்கிற எம்.பி. 'இந்தத் தொகையை 1 ரூபாயா குறைங்க'ன்னு வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், சும்மா ஒரு குறையைச் சொல்லணும்னா 100 ரூபா வெட்டு, கேக்க சிரிப்பா இருக்கும் ஆனா ஜெயிச்சா அரசாங்கமே ஆட்டம் கண்டுரும். ஜெயிக்காது, அது வேற கதை. சில அமைச்சகம் பேசறதுக்குள்ள நேரம் முடிஞ்சிரும், மீதியை சபாநாயகர் மொத்தமா ஓட்டுக்கு விட்டுருவாரு, இதுதான் கில்லட்டின். 2018 மார்ச்ல எதையுமே விவாதிக்காம, அமளிக்கு நடுவுல அத்தனையும் பாஸ்! ராஜ்யசபாவா? பேசலாம், மானியத்துக்கு ஓட்டு கிடையாது.