காக்கை, புறாவைத் தவிர வேறொன்றும் வருவதில்லையா?

"சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். காக்கை, புறாவைத் தவிர எதுவும் வருவதில்லை. பறவை பார்க்க வேடந்தாங்கல்தான் போக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டியதில்லை. தெருவில் ஒரு வேப்பமரமும் ஒரு செம்பருத்திப் புதரும் இருந்தால் ஒரு வருடத்துக்குப் பார்க்க விஷயம் இருக்கிறது. எதுவும் வருவதில்லை என்பவர்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்கு மேல் எட்டிப் பார்ப்பவர்கள். விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரே இடத்தில் 15 நிமிடம் நில்லுங்கள். இடத்தை மாற்றினால், நேற்று இருந்த பறவை இன்று இல்லாதது அது போனதாலா, நீங்கள் நகர்ந்ததாலா என்று தெரியாமல் போகும்.

இனி நான் சொல்லும் மாதக்கணக்கு சென்னைக்கும் கடலோர மாவட்டங்களுக்கும்தான். கோவை, நீலகிரிக்காரர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

குயிலில் தொடங்குங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை குரல் உச்சத்தில் இருக்கும். கூவுவது ஆண், கறுப்பு உடல், சிவந்த கண். பெண் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது 'கிக் கிக் கிக்' என்று கத்துமே தவிர 'குக்கூ' பாடாது. வைகாசி வாக்கில் காக்கைக் கூட்டருகே ஆண்குயில் வந்து உரக்கக் கூவினால் அதைப் பார்க்காதீர்கள், கூட்டைப் பாருங்கள். காக்கைகள் அதைத் துரத்திக்கொண்டு போகிற நேரத்தில் பெண்குயில் நுழைந்து முட்டையிட்டுவிடும். அந்த முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, ஆனால் முந்திப் பொரிக்கும். ஆனி, ஆடியில் காக்கையின் பின்னால் வாயைப் பிளந்து இறக்கையை நடுக்கிக்கொண்டு குஞ்சு நிற்கும்போது வாலைக் கவனியுங்கள்: ஒல்லியான உடம்பும் நீண்ட வாலுமாக இருந்தால் குயில். ஐப்பசியில் குரல் அடங்கியதும் குயில் ஊரைவிட்டுப் போய்விட்டது என்பார்கள். போகவில்லை, பழுத்த அரசமரத்தில் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும்.

ஆவணி, புரட்டாசியில் வலசை தொடங்கும். கேபிள் ஒயரில் வால் பிளந்த தகைவிலான்கள் வந்து உட்காரும். செம்பருத்திக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்கினாற்போல 'டக்... டக்' என்று கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. ஏறத்தாழ 12 கிராம் எடை. மங்கிய பழுப்பு, அலகுக்கும் கண்ணுக்கும் இடையே வெளிறிய ஒரு கீற்று, அவ்வளவுதான் அடையாளம். ரஷ்யா வரை பரவிய இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து உங்கள் வேலியில் குளிர்காலம் கழிக்கிறது. சித்திரை வாக்கில் அந்த 'டக்' நின்றுவிடும். முதலில் கேட்ட தேதியையும் கடைசியாகக் கேட்ட தேதியையும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

ஐப்பசி இரவுகளில் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். விளக்கு எரியும் கண்ணாடியில் மோதி பால்கனியில் விழுவதும் உண்டு. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து இருட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். தெளிந்ததும் செடி அடர்ந்த இடத்தில், பூனை இல்லாத பக்கம் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தானியம் கொட்டாதீர்கள், புறாதான் பெருகும். தண்ணீர் வையுங்கள். அகன்ற மண்தட்டு, 3 முதல் 5 செ.மீ. ஆழம், நடுவில் ஒரு கல். கொசு வரும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் எதிர்ப்பார்கள். டெங்கு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில்தான் முட்டை ஒட்டுகிறது; அதனால் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. தினமும் மாற்றி, இரண்டு நாளுக்கொருமுறை தேங்காய் நாரால் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் அந்தப் புகாருக்கு இடமில்லை.

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்க்கும் பரப்பும் குறுகும். வாங்கியதும் வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்க வளையத்தைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் தலைவலிக்கிறது என்று பரணில் போட்டுவிடுகிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். காரில் எச்சம் விழுகிறது என்று சித்திரை, வைகாசியில் கிளை வெட்ட ஆள் கூப்பிடுகிறார்கள். கூடுகளில் முட்டையும் குஞ்சும் இருக்கிற மாதங்கள் அவை. புயலுக்கு முன் கழிக்க வேண்டும் என்பது நியாயம்தான், அதை மறுக்கவில்லை. செப்டம்பரில் கழியுங்கள், பெரும்பாலான கூடுகள் அதற்குள் காலியாகிவிடும், வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்காது. வெட்டும் முன் கால் மணி நேரம் நின்று, அலகில் புழுவோடு ஏதாவது உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜனவரியில் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியில் 15 நிமிடம் பார்த்து 'இ-பேர்டு' (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். பட்டியலில் காக்கையையும் புறாவையும் விட்டுவிடாதீர்கள். அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல்.