ஏல நாளுக்கு முன் வீட்டைக் காப்பாற்ற இயலுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் கடனில் வாங்கிய எங்கள் வீட்டுக்குத் தவணை நின்றுபோனதால், வங்கி ஏல அறிவிப்பை நாளிதழில் வெளியிட்டுவிட்டது. பாரிமுனை உரிமையியல் நீதிமன்றத்தில் தடை வாங்கலாம் என்கிறார் உறவினர். சரியா?
- வாசகி ஒருவர், சென்னை 81

பதில்: சரியன்று. அடமானச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் 34ஆவது பிரிவு உரிமையியல் நீதிமன்றங்கள் இதில் தலையிடுவதைத் தடுக்கிறது. அங்கே வழக்குப் போட்டால் நாட்கள்தாம் வீணாகும். நீங்கள் செல்ல வேண்டிய இடம் சென்னையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயம். 17ஆவது பிரிவின்படி, வங்கி நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மனுச் செய்து, ஏலத்துக்கு இடைக்காலத் தடையும் கோரலாம். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தீர்ப்பாயம் நிபந்தனை விதிப்பது வழக்கமாதலால், கையில் ஓரளவு பணத்துடன் செல்வது நல்லது.

மனுவுக்கு வலுச் சேர்ப்பவை நடைமுறைக் குறைகளே: 60 நாள் அவகாசம் தரும் முதல் அறிவிப்பு முறையாக உங்களுக்குக் கிடைத்ததா, நீங்கள் எழுதிய ஆட்சேபத்துக்கு 15 நாட்களுக்குள் பதில் வந்ததா, முதல் ஏலமெனில் அறிவிப்புக்கும் ஏலத்துக்கும் இடையே 30 நாள் இடைவெளி இருந்ததா என்று தபால் உறைகளின் தேதி முத்திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறைகளைத் தூக்கி எறிபவர்களே அதிகம்!

முழுக் கடனையும் செலவுகளையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே இனி வங்கியுடன் பேசும் சமரசம் அதன் இசைவைப் பொறுத்தது. வாய்மொழி உறுதியை நம்பாமல், ஏலத்தை நிறுத்துவதாக எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.